கூட்டிப் பார்க்காத கணக்கு

இறந்தவரின் குடலையும் ஈரலையும் சோதித்து ‘இன்ன விஷம்’ என்று சொல்வதற்காக இந்தியாவில் முதன்முதலாக அரசு ஆய்வகம் அமைந்த ஊர் சென்னை. ஆண்டு 1849. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் அதற்குப் பிறகுதான். நம் தடய அறிவியல் துறை இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது, சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அங்கே போய்ச் சேர்ந்த ஜாடிகள் ஒவ்வொன்றும் ஒரு வழக்குக்குப் பதில் சொல்லிவிட்டு ஒரு கோப்புக்குள் அடங்கிவிட்டன. அத்தனை பதில்களையும் ஒரே தாளில் எழுதி, எந்த வட்டாரத்தில் எந்த விஷம், எந்த மாதத்தில், எந்தக் கடையிலிருந்து, உட்கொண்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கூட்டிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. நமக்கு என்றால் மருத்துவருக்கு, காவலருக்கு, வேளாண் அலுவலருக்கு, இதையெல்லாம் எழுத வேண்டிய பத்திரிகைக்காரர்களுக்கு, படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிய நம் எல்லோருக்கும்.

ஒரு விஷ கேஸ் போகிற பாதையைப் பார்த்தாலே கணக்கு எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிடும். 108லோ, அவசரத்துக்குக் கிடைத்த ஆட்டோவிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவு போடுகிறார்கள். என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்கிறார். பாட்டிலைக் கையோடு எடுத்துவர யாருக்காவது தோன்றியிருந்தால் பெயர் கிடைக்கும். இல்லையென்றால், “வயலுக்கு அடிக்கிற மருந்துங்க” என்பதோடு சரி. வாடையையும் கண்மணியின் அளவையும் வைத்து டாக்டர் ‘ஓ.பி. பாய்சன்’ (ஆர்கனோபாஸ்பரஸ் வகை விஷம்) என்றோ ‘அன்னோன் பாய்சன்’ என்றோ எழுதிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குகிறார். அந்த நிமிடத்தில் அவர் வேலை அதுதான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆள் பிழைத்து வீட்டுக்குப் போனால் விஷத்தின் பெயர் அந்த ‘அன்னோன்’ என்பதிலேயே நின்றுவிடும். பிழைத்தவர்களின் கணக்கு நமக்குக் கிடைக்காமல் போவது முதலில் இங்கேதான்.

இறந்துவிட்டால் கேஸ் போலீஸுக்குப் போகிறது. 2024 ஜூன்வரை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, அதன்பின் அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 194. எஃப்.ஐ.ஆரில் ‘தீராத வயிற்று வலி’ என்று ஒரு காரணம் இருக்கும். தமிழ்நாட்டில் இத்தனை பெண்களுக்கு இத்தனை கொடிய வயிற்று வலி ஏன் வருகிறது என்று குடல்நோய் நிபுணர்கள்கூடக் கேட்டதில்லை. குடும்பத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரே நேரத்தில் வசதியாக இருந்த நோய் அது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். அவர் வரதட்சணை உண்டா, மாமியார் கொடுமை உண்டா என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விகள்தான். அந்த வீட்டுப் பரணில் அந்தப் பாட்டில் எப்படி வந்தது, அதை விற்கலாம் என்று யார் அனுமதித்தது என்பவை எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்விகள். உள்ளுறுப்புகளின் பகுப்பாய்வு அறிக்கை வந்து சேரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். அறிக்கையில் விஷத்தின் பெயர் இருக்கும். அதைப் படிப்பவருக்குத் தேவை, கொலையா இல்லையா என்பது மட்டும். கொலை இல்லையென்றால் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’. பொதுச் சுகாதாரத்துக்கு அந்தப் பெயர்தான் முக்கியம். அந்தப் பெயரோடுதான் கோப்பு மூடப்படுகிறது.

கடைசியில் மிஞ்சுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் ஒரு வரி. 2022ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் நூற்றுக்கு 25 பேர் விஷத்தால். அதற்குமேல் பிரித்துக் கேட்டால் பூச்சிக்கொல்லியா, வேறு விஷமா என்பதுவரை சொல்லும். தமிழ்நாட்டின் எண்ணிக்கை அந்த ஆண்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம்; மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நாட்டின் சராசரியைப் போல இரண்டு பங்கு. போலீஸ் கணக்கில் விடுபட்டவை எத்தனை என்பது வேறு விஷயம். வீடுவீடாகப் போய் இறப்புகளை விசாரித்த ஆய்வு ஒன்று 2012ல் லான்செட் இதழில் வந்தது. 2010ஆம் ஆண்டுக்குக் காவல் துறை ஏறக்குறைய 1,35,000 என்று எண்ணியிருந்த இடத்தில், அது 1,87,000 என்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் பாதிப்பேர் விஷத்தால், அதுவும் பெரும்பாலும் பூச்சிக்கொல்லியால் என்றும் சொன்னது. தென் மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம் என்று அதிலேயே இருந்தது. நாம் அதை ஒருநாள் செய்தியாகப் போட்டோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். கலெக்டர் மாற்றப்பட்டார், எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், சட்டமன்றம் கொந்தளித்தது, கருணாபுரம் என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. எல்லாம் நியாயம். இப்போது ஒரு சின்னக் கணக்கு. 19,834ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு 54. நாடு முழுவதற்கும் சொல்லப்படும் அந்த நூற்றுக்கு 25 தமிழ்நாட்டுக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்குப் பதின்மூன்று பேர். கள்ளக்குறிச்சியின் எண்ணிக்கையை எட்ட ஐந்து நாள் போதும். இந்த ஐந்து நாளில் இறந்தவர்கள் ஒரே தெருவில் இறக்கவில்லை. திருவண்ணாமலையில் ஒருவர், சங்கரன்கோவிலில் ஒருவர், ஓமலூரில் ஒருவர் என்று சிதறி இறந்தார்கள். சாவு சிதறிப்போனால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிதறியதைச் சேர்த்துக் காட்டுவதற்குத்தான் புள்ளியியல் என்று ஒரு துறை இருக்கிறது. அதை நாம் இந்த இடத்தில் வேலைக்கு வைத்துக்கொள்ளவே இல்லை.

அப்படிச் சொன்னால் ஒரு ஊருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியம். ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை அங்கே பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் பதிந்துவந்தது. சாவு நடந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளைத் தொகுத்தபோது தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 95. அந்தக் காலத்தில் நாட்டின் அதிகாரபூர்வ விகிதத்தைவிட இது பல மடங்கு. அடுத்து வந்த கட்டுரை இளம்வயதினரை மட்டும் எடுத்துப் பார்த்தது: பெண்பிள்ளைகளிடம் லட்சத்துக்கு 148, பையன்களிடம் 58. உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ்களில் வந்த எண்கள் இவை. உலகத்தில் வேறெங்கோ நடந்ததுபோல நாம் இருந்துவிட்டோம். கணியம்பாடிக்கு மட்டும் ஏதோ சாபம் என்று நினைத்தோமா தெரியவில்லை. எண்ணியதால் அங்கே தெரிந்தது. எண்ணாத ஒன்றியங்களில் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் நாம் கூசிக் குறுக வேண்டிய இடம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

முப்பது ஆண்டுகளாக இலங்கையைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய பக்கங்களுக்குக் கணக்கில்லை. போரைப் பற்றி எழுதினோம், அகதிகளைப் பற்றி எழுதினோம், மீனவர் பிரச்சினையை எழுதினோம். அதே தீவில், அதே காலத்தில், உலகமே பாடம் படித்த ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. நாம் அதை எழுதவில்லை. 1995ல் இலங்கையில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது. உலகில் மிக உயர்ந்தவற்றில் ஒன்று. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் அது எழுபது சதவீதம் குறைந்திருந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். போர் நடந்த நாடு, வறுமை இருந்த நாடு. மனநல மருத்துவர்கள் ஊருக்கு ஊர் நிரம்பி வழிந்த நாடும் அல்ல.

அவர்கள் செய்தது, எந்த விஷம் என்று கேட்டது. 1980லேயே பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கென்று ஒரு பதிவாளரை நியமித்தார்கள். 1988ல் கொழும்பு தேசிய மருத்துவமனையில் பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ விஷத் தகவல் மையத்தைத் தொடங்கினார். 1990களில் அனுராதபுரம் மருத்துவமனைக்கு வந்த மைக்கேல் எடில்ஸ்டன் என்ற இளம் மருத்துவ ஆய்வாளர், வார்டில் கிடந்தவர்களிடம் எதைக் குடித்தீர்கள், ஏன் அதை எடுத்தீர்கள், எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டறியும் வேலையில் தன் வாழ்நாளைப் போட்டார். கிடைத்த பதில் நம் நாவல்களுக்கும் சினிமாவுக்கும் ஒத்துவராதது. பலர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. விஷத்தைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எது கைக்கு எட்டியதோ அதை எடுத்தார்கள். ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு ஏச்சு. கோபம் அடங்கிய பிறகு சாக விரும்பியவர்கள் அவர்களில் மிகக் குறைவு. ஆகவே யார் பிழைப்பார், யார் மாட்டார் என்பதை அவரவர் மனவேதனையின் ஆழம் தீர்மானிக்கவில்லை. அந்த நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் எந்தப் பாட்டில் இருந்தது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது.

ஒரு மக்கள்தொகையில் விஷத்தின் ஆபத்தை அளப்பது என்றால் இதுதான். எத்தனை பேர் அதை உட்கொள்கிறார்கள், உட்கொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற இரண்டையும் பெருக்க வேண்டும். இரண்டாவது எண் விஷத்துக்கு விஷம் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். முதல் எண்ணைக் குறைக்கக் குடும்பங்களும் சமூகமும் மாற வேண்டும், தலைமுறைகள் ஆகும். இரண்டாவதைக் குறைக்க ஒரு பதிவாளரின் கையெழுத்து போதும். இலங்கை கையெழுத்துப் போட்டது. 1984ல் பாரத்தியான் போனது. அந்த இடத்துக்கு வேறு சில வந்தன. மருத்துவமனைக் கணக்கில் அது தெரிந்தது. 1995ல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட முதல்வகைக் கொடும் விஷங்கள் போயின. இப்போது எண்டோசல்ஃபான் அந்த இடத்தைப் பிடித்தது. அதுவும் கணக்கில் தெரிந்தது. 1998ல் அதையும் எடுத்தார்கள். தடைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் எண்டோசல்ஃபானால் நேர்ந்த 50 சாவுகள், பிந்தைய மூன்று ஆண்டுகளில் 3 ஆயின. 2008க்குப் பிறகு இன்னும் மூன்று மருந்துகளை எடுத்தார்கள். இந்தக் காலம் முழுக்க விஷம் உட்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை உடனே குறைந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கூடவும் செய்தது. வந்தவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள், விழவில்லை.

மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயரை இங்கே நிறுத்தி, நம் பக்கத்துத் தேதிகளை அதன் எதிரே எழுதிப் பார்க்கலாம். இலங்கை அதை விலக்கியது 1995. இந்தியாவில் 2005ல் காய்கறிகளுக்கு மட்டும் கூடாது என்றார்கள். கத்தரிக்காய்க்குக் கூடாது, பக்கத்து வயல் பருத்திக்குக் கூடும் என்றால் உரக்கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்க ஆளில்லை. 2009ல் உலகச் சுகாதார நிறுவனம், இந்தியாவை மட்டுமே எடுத்துக்கொண்டு, இந்த மருந்தால் உடல்நலத்துக்கு வரும் கேடு பற்றித் தனி அறிக்கையே போட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது இதுவே. தலைமை ஆசிரியை கைதானதைப் பற்றி வாரக்கணக்கில் எழுதினோம். இந்தப் பொருள் இன்னும் ஏன் கடையில் இருக்கிறது என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஒருவழியாக 2023ல் மத்திய அரசு அதற்கு முடிவுகட்டி உத்தரவிட்டது. இருப்பை விற்றுத்தீர்க்க அவகாசமும் கொடுத்தது. இலங்கைக்கும் நமக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டு. பாக் நீரிணையின் அகலம் இவ்வளவு என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சட்டத்தையே எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 1958ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்த பிறகு கமிட்டி அமைத்து, பத்து ஆண்டு யோசித்து, 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அடையாளம் ஒட்டச் சொன்னது அதையொட்டி வந்த விதிகள்தான். நிரந்தரமாகத் தடைசெய்யும் அதிகாரம் மத்திய அரசிடம். மாநிலம் ஆபத்தென்று கருதினால் 60 நாள் நிறுத்திவைக்கலாம். மிஞ்சினால் இன்னும் 30 நாள். தன் மக்கள் எதைக் குடித்துச் சாகிறார்கள் என்று ஒரு மாநிலத்துக்குத் தெரிந்தாலும், அதன்மேல் அதற்கு இருக்கும் உரிமை தொண்ணூறு நாள். மாநில உரிமை பேசாத நாளில்லை என்றிருக்கும் தமிழ்நாட்டில் இந்த உரிமையைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினோம்?

பூச்சிக்கொல்லியைப் பற்றியாவது சட்டம் உண்டு. கொங்கு நாட்டுச் சாணிப்பவுடர் எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாமல் வளர்ந்தது. வாசலில் சாணி தெளித்துக் கோலம் போடுவது வழக்கம். வீட்டில் மாடு போய், தறியும் பனியன் கம்பெனியும் வந்தபின் சாணிக்கு எங்கே போவது? பெட்டிக்கடையில் சின்னப் பாக்கெட்டில் தூள் வந்தது. தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் வாசல் பச்சையாகவோ மஞ்சளாகவோ சாணி மெழுகியதுபோல இருக்கும். மஞ்சள் தூள் ஆரமைன், பச்சை மாலகைட் கிரீன். இரண்டும் தொழிற்சாலைச் சாயங்கள். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கத்து மருத்துவமனைகளில் இதைக் குடித்துவிட்டு வருபவர்கள் பல ஆண்டுகளாக ஒரு தனி வகையாகவே இருந்தார்கள். அந்த ஊர் டாக்டர்கள் கட்டுரை எழுதினார்கள். சென்னையில் படித்த டாக்டர் கோவைக்கு மாற்றலாகிப் போனால் அங்கேதான் இந்தப் பெயரையே முதல்முறை கேட்பார், பாடப்புத்தகத்தில் இல்லை.

இது உணவல்ல என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் வராது, பூச்சிக்கொல்லி அல்ல என்பதால் வேளாண் துறையிடம் வராது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் இதில் வேலையில்லை. மூன்று துறைகளின் வேலிகளுக்கு நடுவே கிடந்த சந்தில் ஒரு விஷம் சௌகரியமாக விற்பனையானது. நாங்கள், அதாவது செய்தி எழுதுகிறவர்கள், என்ன செய்தோம்? ‘சாணிப்பவுடரைக் குடித்து’ என்று தலைப்பிலேயே போட்டோம். வாரத்துக்கு எத்தனை முறை போட்டோம் என்று எண்ணியிருந்தாலே அது ஒரு ஆய்வுக் கட்டுரை ஆகியிருக்கும். எண்ணவில்லை. 2022ல் சுகாதாரத் துறை அமைச்சர் சாணிப்பவுடரையும் எலி மருந்தையும் நிறுத்த வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியபோது, ஏதோ புதுத் தகவல்போல அதையும் செய்தியாக்கினோம்.

எலி மருந்தில் நடந்தது கொஞ்சம் ஆறுதலான கதை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை, டூத்பேஸ்ட் குழாய்போல டியூபில் வரும். மளிகைக் கடையில், பிறகு ஆன்லைனிலும், யார் கேட்டாலும் கிடைத்தது. இது ஈரலைத் தாக்கும். வார்டுக்கு வார்டு இளம்வயதினர் ஈரல் செயலிழந்து வருவதைப் பார்த்த தமிழ்நாட்டு ஈரல் மருத்துவர்கள் சிலர், அவரவர் மருத்துவமனையோடு நிற்காமல் ஒன்று சேர்ந்தார்கள். 2019ன் முதல் ஆறு மாதங்களுக்குப் பதினைந்து மருத்துவமனைகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலோருக்கு அதே பசை. அதைப் பொதுவெளியில் வைத்தார்கள். பிறகுதான் அரசு அசைந்தது. 2022–23ல் இந்தப் பசைக்கு மாநிலத்தில் தடை வந்தது. பெரிய கருவி, பெரிய நிதி என்று எதுவும் தேவைப்படவில்லை. பதினைந்து பேர் தங்கள் நோட்டுப் புத்தகத்தை ஒரே மேசையில் வைத்தார்கள். அதுவரை ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு மட்டும் வந்த சோகமாக அதை நினைத்துக்கொண்டிருந்தது.

பத்திரிகைகளின் பங்கை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்தப் பொருள், எங்கே வாங்கினார், எதில் கலந்தார் என்ற விவரங்களைத் தலைப்பில் போடக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிப் பல காலம் ஆயிற்று. 2019ல் இந்தியப் பத்திரிகை மன்றமும் அதை ஏற்று அறிவித்தது. நாங்கள் தலைகீழாகச் செய்துவந்தோம். மன உளைச்சலில் இருக்கும் ஒருவருக்கு உபயோகப்படும் செய்தி, 104ஐயோ டெலிமானஸ் 14416ஐயோ அழைத்துப் பேசலாம் என்பது. அதைக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் கடைசியில் போட்டோம். அவருக்குத் தெரியவே கூடாத செய்தியைக் கொட்டை எழுத்தில் மேலே போட்டோம். அரசுக்கும் ஆய்வாளருக்கும் விஷத்தின் பெயர் துல்லியமாகத் தேவை. அவர்களிடம் அது இல்லை. வாசகருக்கு அது தேவையே இல்லை. அவருக்குத் தாராளமாகக் கொடுத்தோம்.

தற்கொலையை மட்டுமே பேசுவதும் இன்னொரு வகைப் புறக்கணிப்பு. மருந்தடிக்கப் போகிறவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அது தேசியச் செய்தி ஆனது. அதே பருவத்தில் பெரம்பலூர்ப் பக்கத்துப் பருத்திக் காடுகளிலும் மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். அது மாவட்டப் பக்கத்தைத் தாண்டவில்லை. இறந்தவர்களாவது மாவட்டப் பக்கம்வரை வந்தார்கள். டேங்க் கசிந்து முதுகு நனைய, காற்றுக்கு எதிரே அடித்து, சாயங்காலம் தலைசுற்றி வாந்தியெடுத்து, மோர் குடித்துவிட்டுப் படுத்து, மறுநாள் கூலிக்கு மறுபடி போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வாய்க்கட்டு கட்டு, கையுறை போடு என்று அவர்களுக்கு உபதேசம் செய்தோம். சித்திரை வெயிலில் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு உபதேசம் செய்தவர் அரை ஏக்கர் அடித்துக் காட்டட்டும். குழந்தைகள் கணக்கும் இப்படித்தான். ஒரு லிட்டர் டப்பா வாங்க வசதியில்லாத சிறுவிவசாயி, பக்கத்துக்காட்டுக்காரரிடம் கால் லிட்டர் கடன் வாங்கிக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிறார். அந்தப் பாட்டிலில் சிவப்பு முக்கோணம் ஏது? விபத்து நடந்தால் தாயின் கவனக்குறைவு என்று முடித்தோம்.

‘பூட்டி வைக்கச் சொல்லுங்கள்’ என்பது இந்த விஷயத்தில் எல்லோருக்கும் பிடித்த தீர்வு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் சென்னையில் 1986ல் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பும் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் அமைத்து, வங்கி லாக்கர்போல ஆளுக்கொரு பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து வீட்டுக்குள் வராது. தேவைப்படும்போது எடுத்துப்போய் மிச்சத்தைத் திரும்ப வைக்க வேண்டும். அந்த ஊர்களில் பலன் தெரிந்தது. ஆனால் ஊர்ப் பொதுக் கட்டடம் வேறு, வீட்டுக்குள் பெட்டி கொடுத்துப் பூட்டச் சொல்வது வேறு. இலங்கையில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்து அந்த இரண்டாவது வழியைச் சோதித்தார்கள். 2017ல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசமில்லை. சாவி யாரிடம் இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்டித் திட்டம் நமக்கு ஏன் பிடித்தது என்பதை ஒப்புக்கொண்டுவிடலாம். அது பொறுப்பை விவசாயி வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. தயாரித்தவரும் பதிவுசெய்தவரும் விற்றவரும் வெளியே நிற்கலாம்.

2022–23ல் எலிப்பசையோடு சேர்த்து, மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ், இன்னும் இரண்டு கலவைகள் என ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தமிழ்நாடு தன் அதிகாரத்துக்கு உட்பட்ட 60 நாள் தடையைப் போட்டது. தடை வந்ததை எழுதினோம். வணிகர்கள் ஆட்சேபித்ததை எழுதினோம். அந்த 60 நாளில் மருத்துவமனைகளுக்கு வந்த விஷ கேஸ்கள் எத்தனை, முந்தைய ஆண்டு இதே 60 நாளில் எத்தனை, வந்தவர்களில் பிழைத்தவர் விகிதம் மாறியதா, எந்தப் புது விஷம் அந்த இடத்துக்கு வந்தது என்று எங்கள் அலுவலகங்களில் யாரும் கேட்டுப் போகவில்லை. ஒரு முழு மாநிலத்தில் ஆறு மருந்துகள் ஒரே நாளில் கடையிலிருந்து இறங்கி, இரண்டு மாதம் கழித்து ஒரே நாளில் திரும்ப ஏறலாம் என்ற ஏற்பாடு, ஆய்வாளர்கள் கேட்டாலும் கிடைக்காத சோதனைக்களம். மத்திய அரசிடம் நிரந்தரத் தடை கேட்கும்போது மேசைமேல் வைத்திருக்க வேண்டிய ஆதாரமும் அதுதான்.

ஏ.ஆர். பதிவேடுகள் எங்கேயும் போய்விடவில்லை. அரசு மருத்துவமனைகளின் ஆவண அறைகளில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெயர்களை நீக்கிவிட்டுத் தேதி, வயது, விஷம், முடிவு என்ற நான்கு கட்டங்களை மட்டும் தாருங்கள் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். மாவட்டத்துக்கு ஒரு மனு; கட்டணம் 10 ரூபாய்.